மூட்டுவலிக் கைக்கு ஏற்ற வேப்பரைசர்

கனடாவில் மருத்துவத் தேவைக்குக் கஞ்சா பயன்படுத்த 2001 முதல் சட்டப்படி வழி உண்டு. 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பிய எவரும் உரிமம் பெற்ற கடையில் அதை வாங்கலாம். மருத்துவரின் ஆவணம் உள்ளவர் உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து வீட்டுக்கே வரவழைக்கலாம். அதனால், ஊரில் இருந்தவரை கஞ்சா என்ற பேச்சையே வீட்டுக்குள் எடுக்காத தமிழ்க் குடும்பங்கள்கூட, அம்மம்மாவின் விரல் வீக்கத்துக்கு அதை முயன்று பார்க்கலாமா என்று யோசிக்கும் காலம் வந்திருக்கிறது. புகைப்பதை எந்த மருத்துவரும் விரும்புவதில்லை. உலர்ந்த பூவை எரிக்காமல் சூடாக்கி, அதிலிருந்து எழும் ஆவியை உள்ளிழுக்கச் செய்யும் வேப்பரைசர் என்னும் கருவியை நோக்கித்தான் பேச்சு திரும்புகிறது. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

விற்பனையாளர் வெப்பமூட்டும் நுட்பத்தைப் பற்றிப் பேசுவார். பற்றரி எத்தனை மணி நேரம் தாங்கும், எத்தனை வெப்பநிலைகள் வைக்கலாம் என்று அடுக்குவார். இளவயதுக் கைக்கு இவை முக்கியமாக இருக்கலாம். மூட்டுவலிக் கைக்கு இவையெல்லாம் இரண்டாம்பட்சம். ஒருமுறை ஆவி இழுப்பதற்கு அந்தக் கை எத்தனை வேலை செய்ய வேண்டும்? அவற்றில் எவை அந்தக் கையால் முடியும்? முடியாதவற்றை யார், எப்போது செய்து வைக்கலாம்? இந்த மூன்றுக்கும் விடை கண்டுவிட்டால், எந்தக் கருவி வேண்டும் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். பலம் தேவைப்படும் வேலைகளை வாரத்துக்கு ஒருமுறை குடும்பம் செய்து வைக்க வேண்டும். மருந்தை எப்போது, எவ்வளவு எடுப்பது என்பது முதியவரின் கையிலேயே இருக்க வேண்டும். இந்தப் பிரிவினைக்கு இடம் தரும் கருவியே நல்ல கருவி. இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதைத்தான்.

கருவி தேவைதானா?

பணம் செலவழிக்கும் முன் ஆதாரங்களை நேராகப் பார்த்துவிடுவது நல்லது. மூட்டுவாதத்துக்குக் கஞ்சா பலன் தரும் என்பதற்கான சான்று உறுதியானது அல்ல. முடக்குவாதம் உள்ள 58 பேரிடம் 5 வாரம் நடத்தி 2006இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், கஞ்சாவிலுள்ள வேதிப்பொருட்களான, போதை தரும் டிஎச்சியும் (THC) போதை தராத சிபிடியும் (CBD) கலந்த வாய்த் தெளிப்பு மருந்து வலியை ஓரளவு குறைத்தது, தூக்கத்தை மேம்படுத்தியது. மறுபுறம், கை மூட்டுத் தேய்மானமோ சொரியாசிஸ் மூட்டுவாதமோ உள்ள 136 பேரைக் கொண்டு டென்மார்க்கில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், 12 வாரம் தினமும் 20 முதல் 30 மில்லிகிராம் சிபிடி எடுத்தவர்களுக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் இடையே வலியில் வேறுபாடு தெரியவில்லை. இரண்டுமே வேப்பரைசர் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள் அல்ல. ஆகவே கஞ்சா மூட்டைச் சீராக்கும் என்றோ தேய்மானத்தை நிறுத்தும் என்றோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிலருக்கு வலியின் கூர்மை குறையலாம், இரவுத் தூக்கம் வரலாம். எதிர்பார்ப்பை அந்த எல்லைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது: ஏன் உள்ளிழுக்க வேண்டும்? எண்ணெய்த் துளியோ மென்மாத்திரையோ போதாதா? நாட்பட்ட வலி பற்றி 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான வழிகாட்டுதல், வழக்கமான சிகிச்சை போதாதவர்களுக்குக் கஞ்சாவை ஒரு முயற்சியாகத் தரலாம் என்று தயக்கத்தோடு பரிந்துரைத்தபோது, உள்ளிழுக்காத வடிவங்களையே குறிப்பிட்டது. இந்த எதிர்வாதம் சரியானது. நாள் முழுதும் மந்தமாக நீடிக்கும் வலிக்கு, மருந்தாளரிடம் கேட்டு, விழுங்கும் வடிவத்திலிருந்து தொடங்குவதே முறை. வேப்பரைசருக்கு இடம் கிடைப்பது வேறொரு நிலையில். விழுங்கிய கஞ்சா வேலை செய்ய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அதன் தாக்கம் பல மணி நேரம் இழுக்கும். முதல் அளவு வேலை செய்யவில்லை என்று நினைத்து இரண்டாவதை எடுத்துவிட்டு, இரண்டும் சேர்ந்து தாக்கும்போது தடுமாறி விழும் ஆபத்து முதியவர்களுக்கு அதிகம். ஒன்ராறியோவில் உண்ணும் கஞ்சாப் பொருட்கள் சட்டப்படி விற்பனைக்கு வந்த பிறகு, 65 வயதைக் கடந்தவர்கள் கஞ்சா நச்சுப் பாதிப்போடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவது கூடியதை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆவியோ சில நிமிடங்களில் தெரிந்துவிடும், இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். திடீரென்று எழும் வலிக்கும், ஒவ்வோர் இழுப்பாக அளவைக் கூட்டிப் பார்க்க விரும்புபவருக்கும் அது பொருந்தும். அந்தத் தேவை இல்லாதவருக்கு இந்த அத்தியாயத்தின் மீதிப் பகுதி அவசியமில்லை.

புகைப்பதற்குப் பதில் ஆவி என்பதற்குச் சான்று உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஏப்ரம்ஸ் குழுவினர் 18 பேரிடம் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆவியாக எடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த டிஎச்சி புகைத்தபோது சேர்ந்ததற்கு நிகராக இருந்தது. மூச்சில் வெளிவந்த கார்பன் மொனொக்சைட்டோ மிகக் குறைவு. எரிந்தால்தானே புகை, இந்தக் கருவிகள் 180 முதல் 210 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, பூ எரியத் தொடங்குமுன் நின்றுவிடுகின்றன. ஆனால் புகையைவிடத் தீங்கு குறைவு என்பதால் ஆவியில் தீங்கே இல்லை என்று ஆகாது. நுரையீரல் அடைப்பு நோய், சீரற்ற இதயத்துடிப்பு, மனநோய் வரலாறு உள்ளவர்களுக்கு இது வேண்டாம். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தோ தூக்க மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. வீட்டில் ஒட்சிசன் வைத்துச் சுவாசிப்பவருக்கு அருகில் சூடாகும் கருவி எதுவும் இருக்கக் கூடாது.

கையின் வேலைகளை எண்ணுங்கள்

ஓர் இழுப்புக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை இளையவர்கள் கவனிப்பதில்லை. முதலில் டப்பாவைத் திறக்க வேண்டும். கனடாவில் கஞ்சாப் பொதி குழந்தைகள் திறக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அழுத்திக்கொண்டே திருப்பும் மூடியையோ, இரு கையாலும் கிள்ளித் திறக்கும் பையையோதான் பெரும்பாலும் காண்கிறோம். குழந்தையைத் தடுக்கும் அதே மூடி மூட்டுவலிக்காரரையும் தடுத்துவிடுகிறது. பிறகு பூவை அரைக்க வேண்டும். அரைக்கும் சிறு உலோக வட்டுகள் இரண்டையும் எதிரெதிராக முறுக்க வேண்டும். பிசின் பிடித்த பூ என்றால் மணிக்கட்டின் முழுப் பலமும் தேவைப்படும். பிறகு விரல்நுனி அளவே உள்ள குழியில் சிந்தாமல் நிரப்ப வேண்டும். மூடியைத் திருகி மூட வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். சூடேறியதா என்று பார்க்க வேண்டும். வாய்க்கு உயர்த்திச் சில நிமிடங்கள் பிடித்திருக்க வேண்டும். முடிந்ததும் சூடான குழியைக் காலி செய்ய வேண்டும். மின்னேற்றக் கம்பியைச் செருக வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை ஒட்டும் பிசினைத் துடைக்க வேண்டும். இவற்றில் ஆவி இழுப்பது ஒன்றுதான் சிகிச்சை. மற்ற எல்லாமே கைவேலை.

அந்தக் கைவேலைகள் எல்லாக் கைகளுக்கும் ஒரே மாதிரி வலிப்பதில்லை. மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் கட்டைவிரலின் அடிமூட்டையும் விரல்நுனி மூட்டுகளையும் பிடிக்கிறது. கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் ஒரு கிலோ விசையில் கிள்ளிப் பிடித்தால், கட்டைவிரலின் அடிமூட்டில் ஏறத்தாழ 12 மடங்கு விசை விழுகிறது என்பது கை அறுவை மருத்துவத்தில் நெடுங்காலமாக மேற்கோள் காட்டப்படும் கணக்கு. ஆகவே இவருக்குக் கிள்ளுவதும் சிறு மூடியைத் திருகுவதும்தான் எதிரி. உள்ளங்கையால் முழுதாகப் பற்றுவது அவ்வளவு வலிக்காது. முடக்குவாதம் மணிக்கட்டையும் விரல்களின் அடிக்கணுக்களையும் பிடிக்கும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். இவருக்குப் பாரம் தூக்குவதும் மணிக்கட்டை முறுக்குவதும்தான் சிரமம். ‘மூட்டுவலிக்கு ஏற்ற வேப்பரைசர்’ என்று பொதுவாகத் தேடுவதால் பயன் இல்லாமல் போவதற்கு இதுவே காரணம். எந்த மூட்டு, எந்த நேரம், எந்த அசைவு என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி கையில் இருக்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பொருட்களே போதும். கை மிகவும் முடங்கியிருக்கும் நேரத்தில், பெரும்பாலும் காலை எழுந்தவுடன், இந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். ஜாம் போத்தல் மூடியைத் திருக முடிகிறதா? தொலைக்காட்சி ரிமோட்டின் சிறு பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க முடிகிறதா? தண்ணீர் நிரம்பிய சிறு கோப்பையை, ஏறத்தாழ கால் கிலோ எடையை, இரண்டு நிமிடம் வாய் உயரத்தில் பிடிக்க முடிகிறதா? கைபேசியின் மின்னேற்றக் கம்பியைத் தானே செருக முடிகிறதா? கண்ணாடி போடாமல் கடிகாரத்தின் எண் தெரிகிறதா? மதியம் முடிந்தது காலையில் முடியவில்லை என்றால், காலைக்கைக்கே கருவி வாங்க வேண்டும். வலி மிகும் நேரத்தில் பயன்படாத கருவியால் யாருக்கு என்ன லாபம்?

எந்த வகை, எந்தக் கைக்கு?

மருத்துவக் கருவியாகவே தயாரிக்கப்படுபவற்றில் நன்கு அறியப்பட்டவை ஜெர்மனியின் டுட்லிங்கன் நகரத்து ஸ்டோர்ஸ் அன்ட் பிக்கல் நிறுவனத்தினுடையவை. வோல்கேனோ மேசைமேல் வைப்பது. மைட்டி கையில் பிடிப்பது. மைட்டியை உதாரணமாக எடுத்து நெருங்கிப் பார்ப்போம். உள்ளங்கை நிறையும் தடித்த உடல், பக்கங்களில் வரிவரியான பிடிப்பு, படிக்கக்கூடிய அளவில் எண் திரை. சூடேறியதும் அதிர்ந்து அறிவிக்கும். கண் மங்கியவருக்கும் முழுக்கையால் பற்றுபவருக்கும் இவை நல்லவை. ஆனால் எடை ஏறத்தாழ 230 கிராம்; முடக்குவாத மணிக்கட்டுக்கு அது அதிகம். மேல் பகுதியைக் கால்வட்டம் திருப்பினால்தான் குழி திறக்கும். புதிதாக இருக்கும்போது எளிதாகத் திரும்பும் அந்தப் பகுதி, பிசின் சேரச்சேர இறுகிக்கொள்ளும். கடையில் முதல்நாள் சோதித்ததை வைத்து முடிவெடுத்தால் மூன்றாம் வாரம் ஏமாற்றம் காத்திருக்கும்.

இந்தக் குறையைப் பெருமளவு தீர்ப்பது அளவுக் குப்பி. அரைத்த பூவை முன்கூட்டியே நிரப்பி வைக்கும் சிறு அலுமினியக் குப்பி அது. மைட்டியிலும் வோல்கேனோவிலும் போடலாம். ஞாயிற்றுக்கிழமை மகளோ பேரனோ உட்கார்ந்து ஒரு வாரத்துக்கான குப்பிகளை நிரப்பி வைத்தால், டப்பா திறப்பது, அரைப்பது, நிரப்புவது மூன்றும் முதியவரின் அன்றாடத்திலிருந்து நீங்கிவிடும். அன்றே மேல் பகுதியைக் கழற்றி ஐசோப்ரொபைல் அல்ககோலால் துடைத்து நன்றாக உலரவிட்டால், திருப்பும் சிரமமும் குறையும். மீந்திருப்பது குப்பியைப் போடுவது, மூடுவது, பொத்தானை அழுத்துவது, இழுப்பது. குப்பி சிறியது என்பதால் விரல்நுனி மரத்தவருக்கு அதை எடுப்பது கடினம். அப்படியானால் இரவுக்கு வேண்டிய குப்பியை மாலையிலேயே யாராவது கருவியில் போட்டு வைக்கலாம். பயன்படுத்தி முடித்த குப்பி சுடும். முதியவரின் தோல் மெல்லியது. ஆறும்வரை கருவிக்குள்ளேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

திருகுவதே முடியாதவருக்கு வேறொரு வகை உண்டு. ஒன்ராறியோவின் வாட்டர்லூவைச் சேர்ந்த அரைசர் நிறுவனத்தின் சோலோ போன்றவற்றில், பூ நிரப்பும் குழி கண்ணாடிக் குழலின் அடியிலேயே இருக்கும். குழலை நேராகச் செருகினால் போதும், திருகல் இல்லை. பல குழல்களை நிரப்பி மூடி வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு இதற்கும் பொருந்தும். குறையும் உண்டு: வழுக்கும் கண்ணாடியைக் கிள்ளித்தான் இழுக்க வேண்டும், கை நடுங்கினால் உடையும். குழலின் நடுவில் ரப்பர் வளையமோ தடித்த நுரைக்குழாயோ மாட்டினால் கிள்ளுவது பற்றுவதாக மாறிவிடும்.

மணிக்கட்டில் பலமே இல்லாதவருக்கு மேசைக் கருவியே சிறந்தது. வோல்கேனோ ஆவியை ஒரு பைக்குள் நிரப்பித் தரும். பையின் எடை ஒன்றுமே இல்லை, சூடான எதையும் முகத்தருகே பிடிக்க வேண்டியதும் இல்லை. முதியவர் நாற்காலியில் சாய்ந்தபடி தன் மூச்சுக்கு ஏற்ப இழுக்கலாம். ஆனால் பையை மாட்ட இரண்டு கையும் வேண்டும், ஆவி நிரம்பிய பை நெடுநேரம் காத்திருக்காது. ஆகவே துணைக்கு ஒருவர் எப்போதும் இருக்கும் வீட்டுக்கே அது ஏற்றது. அரைசரின் எக்ஸ்ட்ரீம் க்யூ போன்ற மேசைக் கருவிகள் நீண்ட குழாய் வழியாக ஆவியைத் தரும், ரிமோட்டிலும் இயங்கும். குழாய்முனையை மட்டும் வாயில் வைத்தால் போதும். விலை, இடம், தோற்றம் மூன்றிலும் மேசைக் கருவியைவிடச் சிறு கருவியே மேல் என்று குடும்பத்தார் வாதிடலாம். சட்டைப் பையில் அடங்கும் கருவி வெளியே போய்வருபவருக்குத் தேவை. ஒரே நாற்காலியில், ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முதியவருக்குக் கருவி சிறிதாகச் சிறிதாகச் சிரமமே கூடும்.

சில அம்சங்களை எந்தக் கைக்கும் தவிர்க்கலாம். கைபேசிச் செயலி இல்லாமல் வெப்பநிலையை மாற்ற முடியாத கருவி வேண்டாம். 2019 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் வேப்பிங் தொடர்பான செயலிகளைத் தன் கடையிலிருந்து ஒரேயடியாக நீக்கியது. செயலியை நம்பிய கருவிகள், அதைப் புதிதாக இறக்க வேண்டிய ஐபோன்காரர்களுக்குப் பாதி ஊமையாயின. வெப்பநிலையை எண்ணால் காட்டாமல் நிறம் மாறும் விளக்கால் மட்டும் காட்டுபவை, கண்புரை உள்ளவரைக் குழப்பும். எரிவாயு லைட்டரால் சூடாக்கும் குழல்கள் எவ்வளவு புகழ்பெற்றவையாக இருந்தாலும் வலிக்கும் கையில் நெருப்பைக் கொடுக்கக் கூடாது. அரைக்கும் வேலையை முற்றிலும் ஒழிக்க, ஏற்கெனவே அரைத்து விற்கப்படும் பூவை வாங்கலாம்; மின்னால் இயங்கும் சிறு அரைப்பானும் கிடைக்கிறது.

எண்ணெய்ப் பேனா எளிதல்லவா?

இவ்வளவு தூரம் படித்தவர் ஒன்று கேட்பார்: எண்ணெய் அடைத்த பேனா வடிவ வேப்பில் அரைக்க வேண்டாம், நிரப்ப வேண்டாம், சிலவற்றில் பொத்தானும் இல்லை, இழுத்தாலே இயங்கும், அதைவிட எளிது எது? கையை மட்டும் கணக்கில் எடுத்தால் அவர் சொல்வது முழு உண்மை. ஆனால் பூவில் ஒரு கிராமுக்கு 100 முதல் 250 மில்லிகிராம் டிஎச்சி இருந்தால், இத்தகைய எண்ணெய்களில் 700, 800 மில்லிகிராம் என்பது சாதாரணம். அனுபவம் இல்லாத முதியவர் ஒரு இழுப்பைச் சற்று நீட்டினாலே அளவு தப்பிவிடும். 2019இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பையும் மறக்கக் கூடாது: 2020 பெப்ரவரி 18 வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ பதிவானார்கள், அவர்களில் 68 பேர் இறந்தவர்கள். முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது, பெரும்பாலும் கள்ளச் சந்தையில் விற்ற டிஎச்சி எண்ணெயில் கலக்கப்பட்டிருந்த வைட்டமின் ஈ அசிடேட். கனடாவில் உரிமத்தோடு விற்கும் பொருளை அதோடு சமமாக வைப்பது நியாயமல்ல. குப்பி நிரப்பித் தர ஆளே இல்லாத, தனியாக வாழும் முதியவருக்கு, மருத்துவரின் ஒப்புதலோடு, டிஎச்சி குறைந்து சிபிடி மிகுந்த உரிமம் பெற்ற எண்ணெய்ப் பேனா ஒரு வழியாகலாம். வாரம் ஒருமுறை வந்துபோகும் உறவினர் இருந்தால், அளவு முன்கூட்டியே தெரிந்த பூக் குப்பியே பாதுகாப்பு.

கை எளிமையும் அளவுக் கட்டுப்பாடும் ஒன்றுசேர முடியும் என்பதற்கு இஸ்ரேலின் சைக்கி நிறுவனம் உருவாக்கிய உள்ளிழுப்பான் சான்று. தயாராக வரும் பொதியைச் செருகினால், இழுப்புக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று அதுவே அளந்து தரும். நாட்பட்ட வலி உள்ள 27 பேரிடம் அரை மில்லிகிராம், ஒரு மில்லிகிராம் டிஎச்சி என்ற சிற்றளவுகளைச் சோதித்து 2020இல் வெளியான ஆய்வில் இரண்டுமே வலியைக் குறைத்தன. பெரிய அளவு வேண்டியதில்லை என்பதே அந்த ஆய்விலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம்.

எவ்வளவு நிரப்புவது?

ஞாயிற்றுக்கிழமை குப்பி நிரப்புபவர்தான் உண்மையில் அளவைத் தீர்மானிக்கிறார். ஆகவே அவருக்குப் பொதியின் சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். கனடாவில் பூவின் பொதியில் ‘டிஎச்சி’ என்று ஓர் எண்ணும் ‘மொத்த டிஎச்சி’ என்று இன்னோர் எண்ணும் இருக்கலாம். முதலாவது, பொதியில் இருக்கும் நிலையில் உள்ளது. சூடாக்கினால் கிடைக்கக்கூடியது இரண்டாவது. முதல் எண் 8 மில்லிகிராம் என்றும் இரண்டாவது 200 என்றும் இருக்கலாம். முதல் எண்ணைப் பார்த்து மென்மையானது என்று வாங்கினால் தவறு. கணக்கு எளிது: மொத்த டிஎச்சி கிராமுக்கு 100 மில்லிகிராம் உள்ள பூவில் 0.1 கிராம் எடுத்தால் 10 மில்லிகிராம். 250 உள்ள பூவில் அதே 0.1 கிராம் 25 மில்லிகிராம். ஜான்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள், கஞ்சாவை அரிதாகப் பயன்படுத்தும் ஆரோக்கியமான 17 பேருக்கு 10, 25 மில்லிகிராம் அளவுகளைக் கொடுத்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், 25 மில்லிகிராம் சிலருக்கு வாந்தி வரும் அளவுக்குத் தாக்கியது. புகைத்ததைவிட ஆவியாக எடுத்தபோது தாக்கம் கூடுதலாகவும் இருந்தது. அவர்களுக்கே அப்படி என்றால், பல மருந்துகள் உண்ணும் எண்பது வயதுக்காரருக்குக் குப்பியை நிறைத்து வைப்பது கூடவே கூடாது. புதிதாகத் தொடங்குபவர் கிராமுக்கு 100 மில்லிகிராம் அல்லது அதற்குக் குறைவாக உள்ளதை எடுத்து, ஓரிரு இழுப்போடு நிறுத்தி, விளைவைப் பார்க்க வேண்டும் என்பதே கனடா சுகாதாரத் துறையின் அறிவுரை. மின்தராசு ஒன்று வாங்குங்கள். கண்ணளவை நம்ப வேண்டாம்.

இழுத்த பிறகு எழுந்து நடப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். இரத்த அழுத்தம் சட்டென்று குறைந்து தலைசுற்றலாம். எலும்பு தேய்ந்த வயதில் ஒரு வீழ்ச்சி, மூட்டுவலியைவிடப் பெரிய துன்பத்தைத் தரும். கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, உட்கார்ந்த நிலையில், கைத்தடியும் தண்ணீரும் அருகில் இருக்கும்போது இழுப்பது நல்லது. இதையெல்லாம் நாமே பக்கத்தில் நின்று பிடித்துக்கொடுத்துவிடலாமே, கருவி எளிதாக இருக்க வேண்டிய அவசியம் என்ன என்று அன்புள்ள பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு இழுப்புப் போதுமா, இன்னொன்று வேண்டுமா என்பதை வலி உள்ளவரால்தான் உணர முடியும். பிறர் பிடித்துக்கொடுக்கும்போது முதியவர் அவர்கள் வேகத்துக்கு இழுப்பார், போதும் என்று சொல்லக் கூச்சப்படுவார். அதிகாலை மூன்று மணிக்கு வலி எழுப்பும்போது பிள்ளையை எழுப்ப மனமில்லாமல் படுத்தே கிடப்பார். ஆயத்த வேலையில் உதவி வாங்கிக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை; முடிவு அவரிடம் இருக்க வேண்டும்.

பூட்டும் பயணமும்

ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டுக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக நியாயமான ஆட்சேபம் இது: குழந்தைகள் திறக்க முடியாத பொதியிலிருந்து எடுத்து, யாரும் திறக்கக்கூடிய குப்பியில் வைக்கிறோம். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் இது விளையாட்டல்ல. சட்டம் பொதியில் வைத்த காவலை நாம் அகற்றினால், அதே காவலை வேறோரிடத்தில் வைக்கக் கடமைப்பட்டவர்கள் ஆகிறோம். நிரப்பிய குப்பிகளும் கருவியும் பூட்டும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அந்தப் பூட்டும் கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: சிறு சாவியைத் திருப்புவதைவிடப் பெரிய பொத்தான்களில் எண் அழுத்தித் திறப்பது எளிது. இரவுக்காகக் கருவியில் குப்பி போட்டு வைத்தால், கருவியும் அதே பெட்டிக்குள் போக வேண்டும். இதைச் செய்ய முடியாத வீட்டில் முன்கூட்டி நிரப்பும் முறையைக் கையாளக் கூடாது. அடுக்குமாடியில் வாழ்பவர் கட்டட விதிகளையும், முதியோர் இல்லத்தில் இருப்பவர் இல்லத்தின் விதிகளையும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒன்ராறியோவின் புகையில்லாச் சட்டம் கஞ்சா ஆவிக்கும் பொருந்தும்.

ஊருக்குப் போகும்போது இவை எதுவும் பெட்டிக்குள் வரக் கூடாது. மருத்துவ ஆவணம் இருந்தாலும் கஞ்சாவைக் கனடிய எல்லைக்கு வெளியே கொண்டுபோவதும் உள்ளே கொண்டுவருவதும் குற்றம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமும், இலங்கையில் அபாயகர ஔடதங்கள் சட்டமும் நிற்கின்றன. சிங்கப்பூரிலோ மின்-வேப்பரைசர் வைத்திருப்பதே 2018 முதல் குற்றம். கஞ்சாக் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. கருவியில் ஒட்டிய பிசினே சிக்கலாகலாம். பயணக் காலத்துக்கு மாற்று வலி மருந்து என்ன என்பதை விமானச் சீட்டு எடுக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு வைக்க வேண்டும்.

வாங்கும் நாளும் அதன் பிறகும்

கடைக்குப் போகும்போது முதியவரையும் கூட்டிச் செல்லுங்கள். காலி கருவியைக் கையில் வாங்கி, திறந்து, மூடி, பொத்தானை அழுத்தி, வாய் உயரத்துக்குத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் உதவாமல் நில்லுங்கள். இணையத்தில் வாங்குவதென்றால், திருப்பி அனுப்பும் நிபந்தனையை முதலில் படியுங்கள். வாயில் வைக்கும் பொருள் என்பதால் பயன்படுத்திய பின் பலர் திரும்ப ஏற்பதில்லை. ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் என்னும் தொழில்வழிச் சிகிச்சையாளரைப் பார்க்கும் வாய்ப்பு இருந்தால் கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். வழுக்காத பாய்விரிப்பு, தடித்த கைப்பிடி, கம்பியைக் கிள்ளாமல் கருவியை வைத்தாலே மின்னேறும் தாங்கி போன்ற சிறு மாற்றங்களை அவர்கள் சொல்லித் தருவார்கள்.

வாங்கிய பிறகு எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தை ஒரு பரீட்சைக் காலமாக வையுங்கள். நாட்காட்டியில் மூன்று விஷயம் குறித்தால் போதும்: இழுப்பதற்கு முன்னும் ஒரு மணி நேரம் கழித்தும் பத்துக்கு எத்தனை வலி, இரவில் எத்தனை முறை விழிப்பு, தலைசுற்றல் இருந்ததா. இவற்றோடு, கருவியைத் தனியாகப் பயன்படுத்த முடிந்ததா என்பதையும் எழுதுங்கள். வலி குறைந்தும் தனியாக முடியவில்லை என்றால் கருவியையோ ஏற்பாட்டையோ மாற்ற வேண்டும். தனியாக முடிந்தும் வலி குறையவில்லை என்றால் கஞ்சாவையே நிறுத்திவிடுவது சரி. செலவழித்துவிட்டோமே என்பதற்காகத் தொடர வேண்டாம். இரண்டும் நன்றாக அமைந்தால் அந்த நாட்காட்டியை அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவ ஆவணம் அதிகபட்சம் ஓராண்டுக்கே செல்லும்; அதைப் புதுப்பிக்கலாமா, அளவைக் குறைக்கலாமா, வேறு வலி மருந்து ஒன்றை விடலாமா என்று அவர் முடிவெடுக்க அந்தக் குறிப்புகள் உதவும்.